சைராட்: சோலாப்பூரில் பார்த்த படம்

நான் தறி ஃபிட்டர். சொந்த ஊர் பள்ளிபாளையம். 2014-இல் வேலைக்காக சோலாப்பூர் போனேன், மூன்று வருடம் அங்கே இருந்தேன். மகாராஷ்டிராவின் தெற்கே, கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். புவிசார் குறியீடு வாங்கிய சோலாப்பூர் போர்வையும் டர்க்கி டவலும் அங்கேதான் நெய்கிறார்கள். தறிக்காரர்களில் நிறையப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சில தலைமுறைக்கு முன்னால் தெலங்கானாப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட பத்மசாலிகள் என்ற நெசவுச் சாதிக்காரர்கள். அதனால் மராட்டி வருவதற்கு முன்பே எனக்குக் கொஞ்சம் தெலுங்கு வந்துவிட்டது.

'சைராட்' என்ற மராட்டிப் படம் 2016 ஏப்ரல் 29-ஆம் தேதி வெளியானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறையிலிருந்து நான்கு பேர் போனோம். அதில் ஒரு பையன் கர்மாளா தாலுகா. படத்தின் இயக்குநர் நாகராஜ் மஞ்சுளே பிறந்தது அதே தாலுகாவில் ஜேவூர் கிராமம். படம் எடுத்ததும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கதாநாயகி ரிங்கு ராஜ்குருவுக்கு ஊர் அக்லூஜ், அதுவும் சோலாப்பூர் மாவட்டம். ஆக, அந்த மாவட்டமே தன் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது. திரையில் ஒரு சந்து வந்தாலே பின்வரிசையில் யாராவது அது எந்தச் சந்து என்று சொன்னார்கள். கர்மாளாப் பையன் முதல் அரை மணி நேரம் என் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

கதை இரண்டு வரியில் அடங்கும். மீன்பிடித்துப் பிழைக்கிற, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பையன் பர்ஷ்யா. அந்தப் பகுதியையே கையில் வைத்திருக்கிற பாட்டீல் வீட்டுப் பெண் ஆர்ச்சி. காதலிக்கிறார்கள், பிடிபடுகிறார்கள், ஓடுகிறார்கள். இதே கதையை நாம் தமிழில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அப்படியிருந்தும் பத்து வருடமாக இந்தப் படம் எனக்குள் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பெயர். சைராட் என்றால் என்னடா என்று கர்மாளாப் பையனிடம் கேட்டேன். "மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் இல்லையா அண்ணா, அது" என்றான். நம் ஊரில் தறிகெட்டு ஓடுவது என்கிறோமே, அதுதான். தறி என்றதும் எங்கள் பக்கத்தில் நெசவுத்தறிதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தத் தறி கட்டுத்தறி, மாட்டையும் யானையையும் கட்டிவைக்கிற முளை. இந்த ஒரு சொல் இரண்டு பக்கமும் வெட்டும். இளரத்தம் கட்டவிழ்ந்து ஓடுகிற சந்தோஷம் அதில் இருக்கிறது. ஓடின மாடு யாருடைய உடைமை என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது.

ஆர்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. புல்லட் ஓட்டுகிறாள், டிராக்டர் ஓட்டுகிறாள். ஒருவனை அதட்டும்போது, "மராட்டியில் சொன்னால் புரியாதா, இங்கிலீஷில் சொல்லட்டுமா?" என்கிறாள். அந்த ஒரு வசனம் அந்த வருடம் முழுக்க மகாராஷ்டிரா முழுக்க ஒலித்தது. எங்கள் பட்டறையில் நூல் அறுந்தால்கூட யாராவது தறியைப் பார்த்து அதைச் சொல்வார்கள். ரிங்கு அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை, இது முதல் படம். படம் வருவதற்கு முன்பே 63-ஆவது தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பு வாங்கிவிட்டாள். அந்த விருது சரியான இடத்துக்குப் போனது என்று அவளுடைய பார்வையைப் பார்த்தாலே தெரியும். வகுப்பில் பர்ஷ்யா திருட்டுத்தனமாகப் பார்க்கிறான், அவள் திரும்பி நேராகப் பார்க்கிறாள், கடைசியில் கண்ணைத் தாழ்த்துவது அவன்தான். நம் படங்களில் பையன் பின்னாலேயே சுற்றுவான், பெண் கோபப்படுவாள், பிறகு சிரிப்பாள். இங்கே பார்வையைக் கொடுப்பதும் திரும்ப எடுத்துக்கொள்வதும் அவள் கையில் இருக்கிறது.

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதை முதல் தடவை பார்க்கும்போது நான் யோசிக்கவில்லை. இரண்டாம் தடவைதான் உறைத்தது. அவள் பிறவியிலேயே துணிச்சல்காரி, அது உண்மை. ஆனால் அவள் ஓட்டுகிற புல்லட் அப்பாவுடையது, டிராக்டர் அப்பாவுடையது, போகிற வழியில் இருக்கிற வயலும் அப்பாவுடையது. அவளை யாரும் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்க முடியாது. பர்ஷ்யாவும் நன்றாகப் படிக்கிறவன், கிரிக்கெட் அணித் தலைவன், ஆனால் அவனை யார் வேண்டுமானாலும் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். வர்க்கம், சாதி என்றெல்லாம் யாரும் வசனம் பேசுவதில்லை. யார் தயங்கி நடக்கிறார்கள், யார் தயங்காமல் நடக்கிறார்கள் என்று காட்டிவிட்டுப் போகிறார் மஞ்சுளே.

எனக்கு இது தண்ணீர்ப் படம். அப்படிச் சொன்னால் நண்பர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் நான் இந்தப் படத்தைப் பார்த்தது எந்த மாதத்தில் என்று யோசியுங்கள். 2016 கோடை. மழை பொய்த்து, பக்கத்து வட்டாரமான மராத்வாடாவே காய்ந்து கிடந்தது. லாத்தூர் நகரத்துக்கு மிரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள், பேப்பரெல்லாம் அந்தப் படம்தான். சோலாப்பூரில் எங்கள் வீதிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும், அதுவும் நடு ராத்திரியில். அறையில் இருந்த நான்கு பேரும் முறை வைத்துக் கண் விழிப்போம்.

அந்த நிலைமையில் தியேட்டரில் உட்கார்ந்தால், திரை முழுக்கத் தண்ணீர். ஆர்ச்சி கிணற்றில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு பர்ஷ்யா ஓடுகிறான். வயல், வரப்பு, வாழைத்தோப்பு எல்லாம் தாண்டி ஓடி, அந்தப் பெரிய கிணற்றில் குதிக்கிறான். மெதுவாக்கப்பட்ட காட்சி, மேலே பறவைகள், கூடவே இசையமைப்பாளர்கள் அஜய்–அதுலின் 'யட லாக்ல' பாட்டு. தியேட்டரே 'ஹா' என்றது. பையன் குதித்ததற்குப் பாதி, நிறைந்து கிடந்த கிணற்றுக்குப் பாதி என்று எனக்குத் தோன்றியது. அந்த மாவட்டத்தில் பீமா ஆற்றின் மேல் உஜனி அணை இருக்கிறது. அதன் தேங்குநீர் கர்மாளா வரை நீண்டு கிடக்கும். நீர் எட்டுகிற இடத்தில் கரும்பும் வாழையும், எட்டாத இடத்தில் முள்ளும் கல்லும். அங்கே கரும்பு யாருடையதோ அதிகாரம் அவருடையது. பாட்டீல் வீட்டுப் பச்சையை அந்த ஊர்க்காரர்கள் பார்க்கிற பார்வை வேறு.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி சின்னது. ஆர்ச்சி டிராக்டர் ஓட்டிக்கொண்டு பர்ஷ்யாவின் வீட்டுப் பக்கம் வருகிறாள், அவன் அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். அவ்வளவுதான். பாட்டீல் வீட்டுப் பெண் தங்கள் வீட்டுத் தண்ணீரைக் கேட்கிறாளே என்று அந்தத் தாயின் முகத்தில் ஒரு நொடி வந்து போகிற திகைப்பைப் பாருங்கள். ஆர்ச்சி குடிக்கிறாள், சிரிக்கிறாள், போகிறாள். எந்த ஊரிலும் யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிக்கலாம் என்பதுதான் முதல் சட்டம். என் தாத்தா காலத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் தனி டம்ளர் இருந்ததை அவரே சொல்லியிருக்கிறார், கொஞ்சமும் கூச்சப்படாமல். அந்தக் காட்சி வந்தபோது எனக்கு அவர் முகம் வந்து நின்றது.

இசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தில் மொத்தம் நான்கே பாட்டு. அதற்கு அஜய்–அதுல் சகோதரர்கள் ஹாலிவுட் ஸ்டூடியோவில் மேற்கத்திய வாத்தியக் குழுவை வைத்துப் பதிவு செய்தார்கள். ஒரு மராட்டிப் படத்துக்கு இவ்வளவா என்று அப்போதே பேச்சு வந்தது. எனக்கு அது சரி என்றே பட்டது. மீன்காரர் மகன் கிணற்றில் குதிக்க நாற்பது ஐம்பது வயலின் எதற்கு என்று கேட்கிறவர்கள், பணக்கார வீட்டுப் பையன் ஹெலிகாப்டரில் இறங்கும்போது அதே கேள்வியைக் கேட்டதில்லை. 'சைராட் ஜால ஜி' பாட்டை அஜயுடன் சேர்ந்து பாடியது நம் சின்மயி. தமிழ்க் குரல் என்று நான் சொன்னதும் அறைப் பையன்கள் நம்பவே இல்லை, போனில் தேடிக் காட்டினேன். தண்ணீரோரம் ஒரு பட்டமரக் கிளையில் இருவரும் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பாட்டு கேட்கும்.

'ஜிங்காட்' என்ற குத்துப்பாட்டு பற்றி எல்லோருக்கும் தெரியும். நாங்கள் போன காட்சியில் முன்வரிசை ஆட்கள் திரைக்குக் கீழே போய் ஆடினார்கள். ஒரு பாட்டி இருக்கையில் உட்கார்ந்தபடியே கையை மட்டும் ஆட்டினார். அந்தப் பாட்டு படத்தில் எங்கே வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆர்ச்சியின் சகோதரன் பிரின்ஸின் பிறந்தநாள் விழா. பாட்டீல் வீட்டுக் கொண்டாட்டத்தில் பர்ஷ்யாவும் நண்பர்களும் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். அதே ராத்திரி, அதே வீட்டின் பின்புறம், காருக்குள் இருவரும் பிடிபடுகிறார்கள். நாங்கள் எல்லோரும் விசில் அடித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். அப்போது விழுகிறது முதல் அடி.

பிரின்ஸ் எப்படிப்பட்டவன் என்று முன்பே ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. கல்லூரி வகுப்பில் லோகண்டே என்ற புது ஆசிரியர் தலித் கவிதைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். பிரின்ஸ் நடுவில் போனை எடுக்கிறான். ஆசிரியர் கேட்கிறார், அவன் எழுந்து போய் அவரை அறைகிறான். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கிறது. அறைந்தவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவன் யார் என்று அந்த ஆசிரியருக்குத்தான் கற்றுக்கொடுக்கப்படுகிறது. எனக்குத் தொண்டை அடைத்த முதல் இடம் அது. எங்கள் வரிசையில் ஓர் ஓரத்தில் யாரோ 'ச்' என்று சப்புக்கொட்டினார்கள், அவ்வளவுதான் சத்தம்.

ஓடிப்போகிற பகுதி பரபரப்பாகப் போகும். பையன்கள் மேல் பொய்ப் புகார், காவல் நிலையம், அங்கே ஆர்ச்சி அந்தக் காகிதத்தைக் கிழிப்பது, துப்பாக்கியைப் பிடுங்கிச் சுடுவது. கொஞ்சம் சினிமாத்தனம் கூடுதல்தான். ஆனாலும் ரிங்குவுக்காகப் பார்த்துவிடலாம்.

அவர்கள் போய்ச் சேரும் இடம் ஹைதராபாத். என்னைக் கேட்டால் படம் தொடங்குவதே அங்கேதான். பாட்டு போய்விடுகிறது. மெதுவாக்கிய காட்சிகள் போய்விடுகின்றன. வயல்களை அவ்வளவு அழகாக எடுத்த ஒளிப்பதிவாளர் சுதாகர் ரெட்டி யக்கண்டி இங்கே தகரமும் சாக்கடையும் சந்துமாகக் காட்டுகிறார். முதல் ராத்திரியே ரயில் நிலையத்துப் பக்கம் ரவுடிகளிடம் மாட்டிக்கொள்கிறார்கள். காப்பாற்றுவது தோசைக்கடை வைத்திருக்கிற சுமன் அக்கா. சாயா கதம் நடித்திருக்கிறார். தான் ஒரு மராட்டிக்காரி, பிழைக்க வந்தவள், இந்த ஊர் எப்படி என்று எனக்குத் தெரியும் என்பதையெல்லாம் அவர் வாயால் சொல்லாமல் நடையிலேயே சொல்லிவிடுகிறார். தன் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையைக் கொடுக்கிறார். பர்ஷ்யா தோசைக்கடையில் சேர்கிறான்.

அங்கே ஆர்ச்சியைப் பாருங்கள். மொழி தெரியாது. கழிப்பறை நாறுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. பர்ஷ்யா வீட்டுத் தண்ணீரைச் சிரித்துக்கொண்டு குடித்தவள், அந்தச் சேரியில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து அழுகிறாள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு தைரியசாலிக்கு ஒரு கக்கூஸ் பெரிய விஷயமா? அப்புறம் நானே சோலாப்பூரில் இறங்கிய முதல் வாரம் நினைவுக்கு வந்தது. பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை உள்ள வளாகத்தில் என்னைத் தங்க வைத்திருந்தார்கள். நான்காம் நாள் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பையைக் கட்டிவிட்டேன். எனக்கு வயது முப்பத்தி நான்கு, ஆம்பிளை, திரும்பிப் போக வீடு இருந்தது. அவளுக்கு பதினெட்டு இருக்கலாம், திரும்பிப் போனால் கொலை. ஒரு செம்புத் தண்ணீரை அடுத்தவர் வீட்டில் வாங்கிக் குடிப்பது ஒரு நாள் தைரியம். அந்தத் தண்ணீரிலேயே குளித்து, சமைத்து, அதற்கு வரிசையில் நின்று வாழ்வது வேறு. இதைக் காதல் படங்களில் யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

அப்புறம் அவளுக்கு வேலை கிடைக்கிற இடம் எது தெரியுமா? குடிதண்ணீர் பாட்டில் நிரப்புகிற கம்பெனி. கொஞ்சம் கொஞ்சமாகத் தெலுங்கு கற்றுக்கொள்கிறாள். அவள் தடுமாறித் தெலுங்கு பேசும் இடங்களில் எங்கள் தியேட்டரில் தனியாக ஒரு சிரிப்பு எழுந்தது. பத்மசாலி வீட்டு ஆட்கள். தங்கள் வீட்டு மொழியில் ஒரு மராட்டிப் பெண் தடுமாறுவதைப் பார்த்து அவர்களுக்கு அவள் மேல் சட்டென்று ஒரு பாசம் வந்துவிட்டது. எனக்கும்தான். நான் கற்றுக்கொண்டதும் அப்படித்தான், முதலில் தண்ணீருக்கு 'நீள்ளு', பிறகு சோற்றுக்கு 'அன்னம்'.

குறை இல்லாமல் இல்லை. படம் 174 நிமிடம். முதல் பாதியில் நண்பர்கள் பிரதீப்பும் சலீமும் வருகிற நகைச்சுவைக் காட்சிகள் சில நீள்கின்றன. பிரதீப்பாக வருகிற தானாஜி கல்குண்டேவை எனக்கு மிகவும் பிடிக்கும், இருந்தும் பத்து நிமிடம் வெட்டியிருக்கலாம். மெதுவாக்கிய காட்சிகள் ஒரு கட்டத்துக்கு மேல் பழகிவிடுகின்றன. இதைவிடப் பெரிய குறை ஹைதராபாத்தில் இருக்கிறது. பர்ஷ்யா அவளைச் சந்தேகப்படுகிறான், கை நீட்டுகிறான். அவள் போகிறாள். அவன் சாகத் துணிகிறான். அவள் திரும்பி வருகிறாள், உடனே எல்லாம் சரியாகிவிடுகிறது. சந்தேகத்தைக் காட்டியது நேர்மையான விஷயம். நல்ல பையன் என்று நாம் நம்பியவனிடமும் அந்த விஷம் இருக்கிறது என்று காட்டத் துணிச்சல் வேண்டும். ஆனால் அந்த அடிக்கு அவன் என்ன பதில் சொன்னான்? அதை இயக்குநர் அவசரமாகத் தாண்டிவிட்டார். தற்கொலை முயற்சியை வைத்து ஒரு பெண்ணின் கோபத்தை அணைப்பது எனக்கு உடன்பாடில்லை. என் மனைவி பிற்பாடு வீட்டில் பார்த்தபோது அந்த இடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். படம் பிடித்திருந்தும் அந்தப் பத்து நிமிடத்தை மன்னிக்க மாட்டேன் என்கிறாள்.

அவர்கள் ஓடிய பிறகு ஊரில் என்ன நடக்கிறது என்பதையும் படம் விடுவதில்லை. பர்ஷ்யாவின் அப்பாவைச் சொந்தச் சாதிப் பஞ்சாயத்தே ஒதுக்குகிறது. அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறார். பாட்டீல் வீட்டுக் கோபத்தைவிட அந்த அறை என்னை அதிகம் உலுக்கியது. மேலே இருக்கிறவனுக்குப் பயந்து நடுங்குகிறவர்களுக்கும் தங்களுக்குள் ஒரு சட்டம், அதிலும் தண்டனை ஏழைக்குத்தான்.

இனி முடிவைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

சில வருடம் கழிகிறது. ஆர்ச்சி, பர்ஷ்யா, சின்னப் பையன். கொஞ்சம் நிமிர்ந்துவிட்ட வீடு. ஆர்ச்சி அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். ஒரு நாள் பிரின்ஸும் உறவுக்காரர்களும் அம்மா கொடுத்த சாமான்களோடு வருகிறார்கள். அவள் உள்ளே கூப்பிடுகிறாள், உட்காரச் சொல்கிறாள், டீ போட்டுக் கொடுக்கிறாள். யாரும் அதிகம் பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை வெளியே கூட்டிப்போகிறாள். அடுத்து நாம் பார்ப்பது, குழந்தை திரும்பி வருவதுதான். உள்ளே போகிறான், பார்க்கிறான், அழுதுகொண்டே வெளியே நடக்கிறான். தரையில் சின்னச் சின்னக் காலடிகள், சிவப்பாக. சத்தமே இல்லை. ஹாலிவுட் போய் வாத்தியக் குழுவைக் கூட்டிவந்த படம் கடைசியில் ஒரு தந்திகூட அதிராமல் முடிகிறது. எழுத்து ஓடும்போதும் மௌனம்தான். தியேட்டரில் முன்வரிசையில் ஆடிய ஆட்கள் அப்படியே நின்றார்கள். கதவைத் திறந்துவிட்டார்கள், யாரும் நகரவில்லை.

அந்த டீதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாது. கொல்ல வந்தவர்கள் அவள் கையால் டீ வாங்கினார்கள். இந்தப் படம் பார்ப்பதற்கு ஏழு வாரம் முன்னால், மார்ச் 13-ஆம் தேதி, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்த ஓர் இளைஞனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள், அவனோடு இருந்த மனைவியையும் வெட்டினார்கள். அந்தக் கேமராப் பதிவு வாட்ஸ்அப்பில் என் போனுக்கும் வந்தது. பட்டறையில் எல்லோரும் கேட்டார்கள், இது உங்கள் ஊர்ப் பக்கமா என்று. ஆமாம் என்றேன். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மராட்டிக் கதை, அங்கே பாட்டீல்கள் அப்படி என்று ஒதுக்கிப் பார்க்க எனக்கு வழியே இல்லாமல் போனது அதனால்தான்.

படம் வசூலில் 100 கோடியைத் தாண்டியது. மராட்டிப் படம் ஒன்று அந்த எண்ணைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பெர்லின் திரைப்பட விழாவிலும் காட்டியிருந்தார்கள். பிறகு பல மொழிகளில் எடுத்தார்கள். கன்னடத்தில் 'மனசு மல்லிகே'யில் ரிங்குவே மறுபடி நடித்தாள். இந்தியில் 2018-இல் 'தடக்' என்று, கதையை உதய்பூருக்குக் கொண்டுபோய் எடுத்தார்கள். இந்திப் படத்தைப் பார்த்தேன். அரண்மனையும் ஏரியும் அழகாக இருக்கிறது, சாதி தண்ணீர் கலந்த பாலாகிவிட்டது. மூலத்தைப் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் கீழே வரி ஓடும். கிராமத்து மராட்டி என்பதால் பேச்சில் உள்ள முழு ருசி வரிகளில் கிடைக்காது, ஆனால் முகங்கள் போதும். முடிந்தால் பெரிய திரையில், இல்லையென்றால் வீட்டு டிவியில் விளக்கை அணைத்துவிட்டு. போனில் பார்க்காதீர்கள், அந்தக் கிணறு போனில் அடங்காது. சின்னக் குழந்தைகளைக் கடைசி இருபது நிமிடம் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம், பார்க்க வேண்டும். என் மகளோடு போன வருடம் பார்த்தேன். ஆர்ச்சி டிராக்டரில் வந்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கூடவே வயிற்றில் ஒரு பயமும்.

அன்று சோலாப்பூரில் படம் விட்டு அறைக்கு நடந்தே வந்தோம். இரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஒருவரும் பேசவில்லை. வழக்கமாக ராத்திரி பத்து மணி ஆனால் கர்மாளாப் பையன் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். ஊர்ப்பெண் ஒருத்தியோடு பேசுகிறான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், கேட்டதில்லை. அன்று எங்கள் வீதிக்குத் தண்ணீர் வருகிற முறை. என் முறை என்பதால் குடங்களைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை.

"என்னடா, போகலையா மேலே?" என்றேன்.

"நாளைக்குப் பேசிக்கிறேன் அண்ணா" என்றான்.

ஒன்றரை மணிக்குத் தண்ணீர் வந்தது. இருவரும் சேர்ந்து பிடித்தோம்.